மேல ஒரு வெலை, கீழ ஒரு வெலை

அருப்புக்கோட்டைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடை, இருந்த இடத்தை விட்டு ஓர் அடிகூட நகராமல் மூன்று மாவட்டங்களில் இருந்திருக்கிறது. பரணில் கிடந்த பழைய பில் புத்தகங்களை எடுத்துத் தூசி தட்டிக் காட்டினார் கடைக்காரர். 1985 மார்ச்சுக்கு முந்தியவற்றில் ராமநாதபுரம் மாவட்டம். பிறகு காமராசர் மாவட்டம். 1997-இல் தலைவர்கள் பெயர்களை மாவட்டங்களிலிருந்து எடுத்த பிறகு விருதுநகர் மாவட்டம். ஒவ்வொரு மாற்றத்தின்போதும், அச்சடித்து மிச்சமிருந்த புத்தகங்களைத் தூக்கிப்போட மனமில்லாமல், மாவட்டத்தின் பெயரை மட்டும் பேனாவால் அடித்துப் பக்கத்தில் ரப்பர் ஸ்டாம்ப் குத்தியிருந்தார்கள். சில தாள்களில் ஸ்டாம்ப் விட்டுப்போயிருந்தது.

அந்தக் கடைக்கு வெப்சைட் செய்து கொடுக்கப் போயிருந்தேன். "விலாசம் எங்கெங்க வரணும் அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"இதென்ன கேள்வி தம்பி, எல்லாப் பக்கத்துலயுந்தான்."

இந்தத் தொழிலில் இருப்பவன் தினமும் கேட்கிற பதில் அது. போன் நம்பர் எல்லாப் பக்கத்திலும் வேண்டும். லோகோ எல்லாப் பக்கத்திலும். ‘அட்மிஷன் நடைபெறுகிறது’ என்று ஓடுகிற எழுத்து எல்லாப் பக்கத்திலும். இன்றைய மல்லி விலை எல்லாப் பக்கத்திலும். வாடிக்கையாளருக்கு அது ஒரு வாக்கியம். எங்களுக்கு அதில்தான் பாதி வேலை இருக்கிறது.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒவ்வொரு பக்கமும் தனித்தனி ஹெச்டிஎம்எல் கோப்பு. தலைப்பகுதி, மெனு, அடியில் விலாசம், 04566 போட்ட லேண்ட்லைன் நம்பர் எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் நோட்பேடில் அடித்து, மற்ற பக்கங்களில் அப்படியே ஒட்டுவோம். நம்பர் மாறினால் எல்லாக் கோப்புகளையும் திறந்து மாற்றி, எஃப்டிபி வழியாக ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். 2008-க்குப் பிந்தைய சில வருஷங்கள் தமிழ்நாட்டில் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. கோப்புகள் ஏறிக்கொண்டிருக்கும்போதே போய்விடும். யுபிஎஸ் கொஞ்ச நேரம் கீச்சிட்டுவிட்டு அடங்கிவிடும். கோப்புகள் ஆங்கில அகரவரிசைப்படி ஏறுகிறவை. அதனால் ‘அபவுட்’ பக்கத்தில் புது நம்பர் வந்திருக்கும், ‘சாரீஸ்’ பக்கத்தில் பழைய நம்பரே இருக்கும். கரண்ட் திரும்பி வருகிறவரைக்கும் அந்தக் கடைக்கு இரண்டு போன் நம்பர்.

அப்புறம் பிஎச்பி கைக்கு வந்தது. ஹெடருக்கு ஒரு கோப்பு, ஃபூட்டருக்கு ஒரு கோப்பு. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் காலிலும் ‘இன்க்லூட்’ என்று ஒரு வரி. எங்களுக்கு அது பெரிய விடுதலையாகத் தெரிந்தது. ஆனால் அதில் பாதிதான் தீர்ந்தது என்பது டேட்டாபேஸ் வைத்த தளங்கள் செய்ய ஆரம்பித்தபோது புரிந்தது. இன்க்லூட் பண்ணினால் எழுத்தும் கட்டமும்தான் பொதுவாகின்றன. அந்தக் கட்டத்துக்குள் என்ன வரவேண்டும் என்ற தகவலை, அந்தந்தப் பக்கத்தின் நிரல்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஹெடரில் லாகின் செய்தவரின் பெயர் வர வேண்டுமென்றால், பெயரைத் தேடி எடுக்கும் வரிகளை எல்லாப் பக்கங்களிலும் ஒட்ட வேண்டும். முன்பு ஹெச்டிஎம்எல்லை ஒட்டினோம், இப்போது குவெரியை ஒட்டினோம், அவ்வளவுதான்.

பிறகு வந்த ஃபிரேம்ஒர்க்குகளில் இது நயமாக நடக்கிறது. ஒரு ‘பேஸ்’ டெம்ப்ளேட், அதை விரித்துக்கொள்ளும் மற்ற டெம்ப்ளேட்கள். ஆனால் அங்கேயும் அதே கேள்வி நிற்கிறது: பேஸ் டெம்ப்ளேட் ‘போன் நம்பரைக் கொடு’ என்று கேட்டால், கொடுப்பது யார்? அப்படி ஒரு ஃபிரேம்ஒர்க்கான ஜாங்கோவில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ‘வியூ’ என்று ஒரு ஃபங்ஷன் உண்டு. பக்கத்துக்கு வேண்டிய தகவலைத் திரட்டி டெம்ப்ளேட்டிடம் தருவது அதன் வேலை. ஒரு வியூ போன் நம்பரைத் தர மறந்தால் ஜாங்கோ சத்தம் போடாது, பிழை காட்டாது. நம்பர் இருக்க வேண்டிய இடத்தை வெற்றிடமாக விட்டுவிட்டுப் போய்விடும். இந்த அமைதிதான் ஆபத்து.

என்னிடம் வேலை கற்க வந்த பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கச் சிவகாசித் தினசரி காலண்டரைத்தான் காட்டுவேன். ஆடிப்பெருக்கன்று புது ஆல்பம் வரும். முருகன் அட்டை, இயற்கைக்காட்சி அட்டை, குழந்தைப் படம் என்று அட்டை ஆயிரம் விதம். ஆனால் அதில் பதிக்கிற தேதித்தாள் கட்டு ஒன்றுதான். ராகுகாலமும் எமகண்டமும் அட்டைக்கு அட்டை மாறுவதில்லை. யாரும் ஒவ்வொரு அட்டைக்கும் உட்கார்ந்து ராகுகாலம் கணிப்பதில்லை. ஓரிடத்தில் ஒருதடவை கணித்து, கட்டாக்கி, எல்லா அட்டைகளிலும் பதிக்கிறார்கள்.

ஜாங்கோவில் அந்தக் கட்டைத் தயாரிக்கிற இடத்துக்குப் பெயர் ‘கான்டெக்ஸ்ட் பிராசஸர்’. சின்ன ஃபங்ஷன் அது. வந்திருக்கிற கோரிக்கையை வாங்கிக்கொண்டு, சில பெயர்களையும் அவற்றின் மதிப்புகளையும் திருப்பிக் கொடுக்கும். செட்டிங்ஸ் கோப்பில் ஒரு பட்டியலில் அதன் பெயரைச் சேர்த்துவிட்டால் போதும். அதற்குப் பிறகு எந்த டெம்ப்ளேட் விரிந்தாலும் அந்தப் பெயர்கள் அங்கே இருக்கும். ஜாங்கோ பிறந்தது ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தின் லாரன்ஸ் என்ற ஊரில், அந்த ஊர்ப் பத்திரிகைக்கு வெப்சைட் எழுதிக்கொண்டிருந்த அட்ரியன் ஹோலோவாட்டியும் சைமன் வில்லிசனும் 2003 வாக்கில் தொடங்கினார்கள்; 2005-இல் அது பொதுவில் வெளியானது. நாளுக்கு நாள் புதுப் பக்கம் முளைக்கிற, ஆனால் தலைப்பும் மெனுவும் மாறாத தளத்தைத் தினமும் கட்டி மேய்த்தவர்கள் எழுதியது என்பது அதன் டெம்ப்ளேட் அமைப்பைப் பார்த்தாலே தெரியும். மற்றவற்றிலும் வழி உண்டு. லாராவெலில் ‘வியூ ஷேர்’, ‘வியூ கம்போசர்’. ஃபிளாஸ்கில் இதே கான்டெக்ஸ்ட் பிராசஸர். எக்ஸ்பிரஸில் ‘லோக்கல்ஸ்’. ரெயில்ஸில் எல்லாக் கன்ட்ரோலர்களுக்கும் தாயாக இருக்கிற கன்ட்ரோலரில் எழுதி வைப்பார்கள்.

எப்படி வைப்பது என்பதைக் கற்றுக்கொள்ள ஒரு பிற்பகல் போதும். எதை வைப்பது என்பதை எந்த ஃபிரேம்ஒர்க்கும் சொல்லித் தராது. ‘எல்லாப் பக்கத்துலயும்’ என்று வாடிக்கையாளர் சொல்வதில் பாதி, எல்லாப் பக்கத்துக்கும் உரியதே அல்ல.

ஒரு உதாரணம் சொல்கிறேன். அருப்புக்கோட்டை, திருச்சுழி இரண்டு வட்டாரங்களுக்கும் சேர்த்து ஊர்த்தகவல் தளம் ஒன்று வேண்டுமென்று வெளியூரில் வேலை பார்க்கிற நண்பர்கள் சிலர் கேட்டார்கள். பஸ் நேரம், ஆஸ்பத்திரி, சந்தை நாள் எல்லாம் அதில் உண்டு. வலது ஓரத்தில் ஒரு பெட்டி: ‘உங்கள் கலெக்டர், உங்கள் எம்.பி., உங்கள் எம்.எல்.ஏ.’ எல்லாப் பக்கத்திலும் வேண்டும் என்றார்கள். கலெக்டர் சரி, இரண்டு ஊருக்கும் ஒரே கலெக்டர். எம்.பி.? மாவட்டம் ஒன்றாக இருந்தாலும், அருப்புக்கோட்டை சட்டமன்றத் தொகுதி விருதுநகர் மக்களவைத் தொகுதிக்குள் வருகிறது, திருச்சுழி ராமநாதபுரத்துக்குள் போகிறது. பொதுவில் ஓர் எம்.பி.யைப் போட்டுவிட்டால் நரிக்குடிக்காரரும் பரளச்சிக்காரரும் தங்களுக்குச் சம்பந்தமில்லாத எம்.பி.க்கு மனு எழுதிக்கொண்டிருப்பார்கள்.

கலெக்டர் தளம் முழுவதுக்கும் பொது. எம்.பி. ஒரு பகுதிக்குப் பொது. இதற்கென்றே பேஸ் டெம்ப்ளேட்டுக்கும் தனிப் பக்கத்துக்கும் நடுவில் இன்னொரு அடுக்கு வைக்கலாம். திருச்சுழிப் பக்கங்களுக்கு ஒன்று, அருப்புக்கோட்டைப் பக்கங்களுக்கு ஒன்று. ஜாங்கோவின் கையேடே இந்த மூன்றடுக்கு முறையைத்தான் சொல்கிறது. மூன்றாவது வகை ஒன்றும் இருக்கிறது: பார்க்கிற ஆளைப் பொறுத்தது. லாகின் செய்தவர் பெயர், கூடையில் எத்தனை சேலை, எந்த மொழியில் படிக்கிறார் என்பதெல்லாம் பக்கங்களுக்குப் பொதுதான், ஆட்களுக்குப் பொது அல்ல. ரமணர் பிறந்த ஊர் என்று திருச்சுழிக்கு வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். அவர்களை மதுரை ஏர்போர்ட்டிலிருந்து கூட்டி வருகிற கார்க்காரர் ஒருவருக்குத் தளம் செய்தோம். விலாசம் ஒன்றுதான். ஆனால் தமிழில் வருகிறவருக்குத் தமிழிலும், ஆங்கிலத்தில் வருகிறவருக்கு ஆங்கிலத்திலும் அது தெரிய வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் ஒரே ஒரு விலாசம். அதற்குள் தளத்தைச் சேர்ந்த பாதியும் ஆளைச் சேர்ந்த பாதியும் இருக்கின்றன.

இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கிற கண் வந்துவிட்டால் மற்றது எல்லாம் தட்டச்சு வேலை.

2017 ஜூலை 1-ஆம் தேதி ஜிஎஸ்டி வந்தபோது இதற்கு ஊரறிந்த பரீட்சை ஒன்று நடந்தது. அதுவரை வாட் காலத்து டின் நம்பர், 11 இலக்கம். அதற்குப் பதில் 15 இடங்கள் கொண்ட ஜிஎஸ்டி நம்பர்; தமிழ்நாட்டுக்கு 33-இல் தொடங்கி, நடுவில் பான் நம்பரை வைத்து வருவது. மில் உதிரிபாகம் விற்கிற கடைகள், எண்ணெய் ஆலைகள், பருப்புக் கமிஷன் கடைகள் என்று டின் நம்பரைத் தளத்தின் அடியில் போட்டிருந்த எல்லாருக்கும் ஒரே வாரத்தில் அதை மாற்ற வேண்டும். டேட்டாபேஸில் ‘தளத்தின் விவரம்’ என்று ஒரே ஒரு வரிசை வைத்து, அதைக் கான்டெக்ஸ்ட் பிராசஸர் வழியாகக் கொடுத்திருந்த தளங்களுக்கு, கடைக்காரரே அட்மின் பக்கத்தில் போய் நம்பரை மாற்றிக்கொண்டார். கையால் ஒட்டிய தளங்களில் மாதக்கணக்கில் ஒரு பக்கத்தில் டின்னும் இன்னொரு பக்கத்தில் ஜிஎஸ்டியும் கூடிக் குலாவிக்கொண்டிருந்தன.

ஒரே மாதிரி இருப்பதெல்லாம் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு பள்ளிக்கூடத் தளத்தில் ஹெடரில் ஆபீஸ் நம்பர் இருந்தது. அட்மிஷன் பக்கத்திலும் அதே நம்பர். வேலை கற்க வந்த தம்பி ஒருவன் ரொம்ப ஒழுங்கானவன். இரண்டும் ஒன்றுதானே என்று இரண்டையும் ஒரே இடத்திலிருந்து எடுத்துக் கொடுத்தான். ஏப்ரல் மாதம் அட்மிஷனுக்கென்று பள்ளிக்கூடத்தார் தனி சிம் வாங்கினார்கள். அட்மினில் மாற்றினார்கள். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லக் கூப்பிட்ட தாய்மார்களுக்கெல்லாம் யுகேஜி கட்டண விவரம் சொல்லப்பட்டது. ‘ஒரு விஷயத்தை ஓரிடத்தில் மட்டும் வை’ என்ற விதியை ஆண்ட்ரூ ஹன்ட்டும் டேவிட் தாமஸும் 1999-இல் வந்த ‘த பிராக்மாட்டிக் புரோகிராமர்’ புத்தகத்தில் எழுதினார்கள். எழுத்தைத் திரும்ப எழுதாதே என்று அதைப் பலர் படித்துக்கொள்கிறார்கள். அவர்கள் பேசியது தகவலைப் பற்றி. ஆபீஸ் நம்பரும் அட்மிஷன் நம்பரும் இரண்டு தகவல்கள். கொஞ்சநாள் தற்செயலாக ஒரே எண்ணாக இருந்தன.

அதே தளத்தில் இன்னொன்று. ஆசிரியர்களுக்கு லாகின் உண்டு. ஹெடரில் ‘வணக்கம்’ என்று போட்டு அவரவர் பெயர் வரும். ஒருநாள் தலைமையாசிரியை போனில் கூப்பிட்டார். "தம்பி, கணக்கு டீச்சரோட விவரத்தைத் தொறந்து பாத்தேன். மேல எம் பேரு போயி அவங்க பேரு வந்துருச்சு. நான் அவங்களா மாறிட்டேனா?"

கேள்வியில் விளையாட்டு இருந்தாலும் விஷயம் விளையாட்டில்லை. ஜாங்கோ, லாகின் செய்தவரை ‘யூசர்’ என்ற பெயரில் எல்லா டெம்ப்ளேட்களுக்கும் தருகிறது. ஒரு ஆசிரியரின் விவரத்தைக் காட்டுகிற பக்கத்துக்கு ஜாங்கோவின் ஆயத்த வியூவை வைத்தால், காட்டப்படுகிற ஆசிரியருக்கும் தானாகவே ‘யூசர்’ என்று பெயர் விழுந்துவிடும். இரண்டு பேருக்கும் ஒரே பெயர். வழக்கமான முறையில் பக்கத்தை விரித்தால், வியூ கொடுத்ததுதான் ஜெயிக்கும். பொதுவில் வந்தது மறைந்துவிடும். ஹெடர் பாவம், ‘யூசர்’ என்று கேட்டது, கிடைத்தவரை வணங்கியது. யார் எதைச் செய்யலாம் என்ற சோதனை உள்ளே கோரிக்கையிலிருந்தே நேராகப் பார்க்கிறது என்பதால் அனுமதியில் ஓட்டை விழவில்லை. ஆனால் ஹெடரில் இருந்த ‘என் விவரம்’ என்ற இணைப்பு கணக்கு டீச்சரின் பக்கத்துக்குப் போயிற்று.

இதிலிருந்து எங்கள் கடையில் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம். பொதுவில் போகிறவற்றைப் போன், விலாசம், தலைப்பு என்று தனித்தனிப் பெயர்களில் உதிரியாக விடுவதில்லை. ‘சைட்’ என்று ஒரே பெயர். அதற்குள் போன், அதற்குள் விலாசம், அதற்குள் ஜிஎஸ்டி நம்பர். டெம்ப்ளேட்டைப் படிக்கிறவனுக்கும் இது எங்கிருந்து வருகிறது என்று உடனே தெரியும். ‘தலைப்பு’ என்று மொட்டையாக இருந்தால், அது பக்கத்தின் தலைப்பா தளத்தின் தலைப்பா என்று எழுதியவனுக்கே ஆறு மாதம் கழித்துத் தெரியாது.

இனி மல்லிக்கு வருகிறேன். பூ மல்லி இல்லை, கொத்துமல்லி. எங்கள் கரிசல் காட்டில் ஐப்பசி மழையை நம்பி விதைக்கிற மல்லியும் வத்தலும் குதிரைவாலியும் உளுந்தும் வாங்கி விற்கிற வியாபாரி ஒருவர். அவருடைய தளத்தில் எல்லாப் பக்கங்களின் தலையிலும் அன்றைய விலை ஒரு பட்டையாக ஓடும். வேறொருவர் எழுதிக் கொடுத்த தளம். பராமரிப்புக்கு எங்களிடம் வந்தது. முதல் புகாரே இதுதான்: "தேனியில இருந்து பார்ட்டி போன் பண்ணுதாரு தம்பி. மேல ஒரு வெலை, கீழ ஒரு வெலை இருக்குன்னு கேக்காரு. எந்த வெலைக்கு அனுப்புவீகன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

திறந்து பார்த்தோம். மேலே ஓடுகிற பட்டை கான்டெக்ஸ்ட் பிராசஸரிலிருந்து வருகிறது. பக்கத்துக்குப் பக்கம் டேட்டாபேஸைத் தொட வேண்டாமென்று அதை ஒருமணி நேரம் கேச்சில் வைத்திருந்தார்கள். கீழே மல்லியின் தனிப் பக்கம் நேராக டேட்டாபேஸில் கேட்கிறது. கணக்குப்பிள்ளை காலையில் செல்போனிலிருந்து விலையை ஏற்றியதும் கீழே புதுவிலை வந்துவிடும். மேலே ஒருமணி நேரம் பழைய விலை ஓடும். காட்டுகிற இடத்தைப் பொதுவாக்கினார்கள், எடுக்கிற இடத்தைப் பொதுவாக்கவில்லை. விலை எடுத்துத் தர ஒரே ஃபங்ஷன், பட்டையும் அதைத்தான் கேட்க வேண்டும், தனிப் பக்கமும் அதைத்தான் கேட்க வேண்டும் என்று மாற்றினோம்.

அடுத்து, கேச் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று வியாபாரியிடமே கேட்டேன். "காலையில வெலை போட்டா மறுநா காலை வரைக்கும் அதான். நடுவுல மாத்துனா நாந்தான் மாத்துவேன்" என்றார். அப்படியானால் மணிக்கணக்கே வேண்டாம். விலையைச் சேமிக்கிற அந்த நொடியில் கேச்சை அழித்துவிட்டால் போதும். ஜாங்கோவில் அதற்கு ‘சிக்னல்’ இருக்கிறது, எழுதினோம்.

முடிந்தது என்று பார்த்தால், இப்போது ரெஃப்ரெஷ் பண்ணினால் ஒருதடவை புதுவிலை, ஒருதடவை பழைய விலை. மறுபடி அமுக்கினால் மறுபடி புதுவிலை. பேய் பிடித்த மாதிரி. காரணம் இதுதான்: ஜாங்கோவில் நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் அது கேச்சை அந்தந்த பிராசஸின் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். சர்வரில் ஒரே தளத்துக்கு நாலைந்து பிராசஸ்கள் ஓடும். விலையைச் சேமித்த கோரிக்கை எந்த பிராசஸுக்குப் போயிற்றோ அதன் கேச் மட்டும் அழிந்தது; மற்றவை பழைய விலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ரெஃப்ரெஷ் ஒவ்வொரு தடவையும் வேறொரு பிராசஸிடம் போகிறது. எல்லா பிராசஸும் பார்க்கக்கூடிய இடத்துக்கு, அதாவது டேட்டாபேஸ் கேச்சுக்கு, மாற்றிய பிறகுதான் பேய் இறங்கியது. பெரிய தளங்களில் ரெடிஸ் வைப்பார்கள். மல்லி விலைக்கு அது வேண்டியதில்லை.

இன்னொரு சின்ன விஷயத்தையும் இங்கே சொல்லிவிடலாம். ஜாங்கோவின் குவெரி சோம்பேறி. டெம்ப்ளேட் உண்மையிலேயே கேட்கிறவரை டேட்டாபேஸ் பக்கம் போகாது. கான்டெக்ஸ்ட் பிராசஸரில் அதை அப்படியே கொடுத்தால், விலைப்பட்டை இல்லாத லாகின் பக்கத்தில் ஒரு செலவும் இல்லை. ‘எத்தனை இருக்கிறது’ என்று அங்கேயே எண்ணிப் பார்த்தாலோ பட்டியலாக மாற்றினாலோ, யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஒவ்வொரு தடவையும் ஓடும். அட்மின் பக்கங்களில்கூட.

லாராவெல்காரர்களுக்கு இதே குழி வேறு வடிவில் இருக்கிறது. கம்போசரை நட்சத்திரக் குறி போட்டு ‘எல்லா வியூவுக்கும்’ என்று பதிந்துவிடுவார்கள். லாராவெலில் ஒரு பக்கத்துக்குள் இன்க்லூட் ஆகிற ஒவ்வொரு துண்டும் ஒரு வியூ. ஹெடர் துண்டு, மெனு துண்டு, இருபது பொருளைக் காட்டுகிற பக்கத்தில் இருபது பொருள் அட்டைத் துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் அந்தக் குவெரி தனித்தனியாக ஓடும். பக்கம் ஏன் மெதுவாக வருகிறது என்று ஹோஸ்டிங்காரரைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். சர்வீஸ் புரொவைடரில் நேராக டேட்டாபேஸைக் கேட்டுப் பொதுவில் பகிர்கிறவர்களும் உண்டு. புது சர்வரில் டேபிளே இல்லாத நேரத்தில், டேபிளை உண்டாக்குகிற கட்டளையே அந்த வரியில் முட்டி விழுந்துவிடும்.

கேச் பற்றிச் சொன்னதால் சேலைக்கடை ஒன்றின் கூடைக் கணக்கையும் சொல்ல வேண்டும். ஒரு ஹோஸ்டிங் கம்பெனி, வேகமாக இருக்கும் என்று எங்கள் சர்வருக்கு முன்னால் தன்னுடைய கேச் ஒன்றைப் போட்டுவிட்டது. அது குக்கீயைப் பார்க்காத கேச். மதுரையில் ஒருவர் மூன்று சேலையைக் கூடையில் போட்டுவிட்டு முகப்பைத் திறந்தால், அந்தப் பக்கம் அப்படியே பதிந்து, அதற்குப் பிறகு வந்த எல்லாருடைய ஹெடரிலும் ‘கூடையில் 3’ என்று நின்றது. ஆளைச் சேர்ந்த தகவலைப் பக்கத்தோடு சேர்த்து அவித்தால் இதுதான் வரும். கூடை எண்ணிக்கையைப் பக்கத்திலிருந்து பிரித்து, பக்கம் திறந்த பிறகு ஜாவாஸ்கிரிப்ட் தனியாகப் போய்க் கேட்டு வாங்குகிற மாதிரி மாற்றினோம். அன்றிலிருந்து, ஹெடரில் ஆளுக்கு ஆள் மாறுகிற எதுவும் இருந்தால், அதை முதல்நாளே தனியாக வைத்துவிடுவது என் வழக்கம். கடை சின்னதாக இருக்கிறதே என்று பார்ப்பதில்லை.

கடைசியாக, ஒரு இடத்தில் மட்டும் இத்தனை நேரம் சொன்னதற்கு நேர்மாறாகச் செய்கிறேன். ஜாங்கோவில் தளம் உள்ளுக்குள் உடைந்து விழும்போது 500 என்ற பிழைப்பக்கம் வரும். அந்தப் பக்கத்துக்கு ஜாங்கோ எதையும் கொடுப்பதில்லை. கான்டெக்ஸ்ட் பிராசஸர்கள் ஓடாது. அதில் நியாயம் இருக்கிறது: டேட்டாபேஸ் விழுந்ததால்தான் 500 வந்தது என்றால், டேட்டாபேஸைத் தேடிப் போகிற கான்டெக்ஸ்ட் பிராசஸரும் கூடவே விழும், பிழைப்பக்கமே பிழையாகிவிடும். ஆனால் பலர் 500 பக்கத்தையும் பேஸ் டெம்ப்ளேட்டை விரித்தே எழுதுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். தளம் நொறுங்கிக் கிடக்கிற நேரத்தில், ‘தடங்கலுக்கு வருந்துகிறோம், தொடர்புக்கு’ என்று போட்டு, போன் நம்பர் வர வேண்டிய இடம் காலியாக இருக்கும். வாடிக்கையாளருக்கு அந்த நம்பர் உண்மையாகவே தேவைப்படுகிற நேரம் அதுதான். ஆகவே எங்கள் 500 பக்கம் எதையும் விரிக்காத வெறும் ஹெச்டிஎம்எல். போன் நம்பரைக் கையால் அடித்திருப்போம். ‘நம்பர் மாறினால் இந்தக் கோப்பையும் மாற்றவும்’ என்று அட்மின் பக்கத்தில் போன் நம்பர் கட்டத்துக்குக் கீழேயே எழுதி வைத்திருப்போம்.

நம் பிள்ளைகள் பலர் தங்கள் 500 பக்கத்தைக் கண்ணால் பார்த்ததே கிடையாது. எழுதும்போது டீபக் ஆனில் இருக்கும். பிழை வந்தால் ஜாங்கோவின் நீளமான பிழை விவரம்தான் வரும், இவர்கள் எழுதியது வராது. இதைப் படிக்கிறவர் யாராவது ஜாங்கோவில் தளம் நடத்துகிறவராக இருந்தால், சோதனை சர்வரில் டீபக்கை அணைத்துவிட்டு, வேண்டுமென்றே ஒரு பிழையை உண்டாக்கி, அந்தப் பக்கத்தை இன்றைக்கே ஒருதரம் திறந்து பாருங்கள். போன் நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அது இப்போது உபயோகத்தில் இருக்கிற நம்பர்தானா என்றும் பாருங்கள்.